முள்ளைத் தூக்காதவர்

தறிக்குடோனுக்குள் சாரைப்பாம்பு புகுந்த அன்றும் அவர் முள்ளைத் தூக்கவில்லை. ரிக்கார்டு பாதி ஓடியிருந்தது. பாம்பு முதல் தறிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. தறி ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வெளியே ஓடிவந்து கத்த, நான் கையில் கிடைத்த கம்போடு ஓடினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்து, "சைடு முடியட்டுங்க" என்றார். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறது என்றும் தகவல் சொன்னார். ஏழு நிமிஷம் கழித்து எழுந்தார். முள்ளை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். தட்டைத் துடைத்து உறையில் போட்டார். என்னிடமிருந்து கம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தால் பாம்பைக் காணோம். அதற்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சொன்னேன். அவர் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுக்குக் காது கெடையாதுங்களே" என்றார்.

அவர் எங்கள் பின்வீட்டுக்காரர். பின்வீடு என்றால் நடுவில் ஒரு சோளக்காடு உண்டு. கருமத்தம்பட்டியிலிருந்து அன்னூர் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் வந்து உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். தொண்ணூறுகளில் அங்கே மாடு இல்லாத வீடு உண்டு, விசைத்தறி இல்லாத வீடு கிடையாது. எல்லோரும் கூலிக்கு நெய்கிறவர்கள். ஜவுளி வியாபாரி நூலைக் கொடுப்பார், நாங்கள் நெய்து கொடுப்போம். எனக்கு ஆறு தறி, அவருக்கு நாலு. இரவும் பகலும் சத்தம். வெளியூர்க்காரர்கள் வந்தால் முதல் நாளே தலையைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகளோ கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் விழித்துக்கொண்டு அழும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து அவர் ஜாஸ் கேட்டார். ஜாஸில் பெரிய ஹோட்டல்களில் டை கட்டிக்கொண்டு வாசிக்கிற மெதுவான வகையும் இருக்கிறதாம். அவரிடம் இருந்தது அது இல்லை. ஒருவர் சாக்ஸபோனை மூச்சு முட்டுகிற வரைக்கும் ஊதுவார். அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி இன்னொருவர் பியானோவை முழங்கையால் அடிப்பார். மூன்றாவது ஆள் ஒரு தகட்டை எதன் மேலோ வைத்து இழுத்துக்கொண்டிருப்பார். முதல் தடவை பக்கத்தில் நின்று கேட்டபோது, வீடு மாறுகிறவர்கள் கட்டிலை இழுக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. தோன்றியதை அவரிடமே சொன்னேன். கட்டில் இழுக்கிற மாதிரி ஒன்று தன்னிடம் தனியாக இருக்கிறது, அது இது இல்லை என்றார்.

இந்தப் பழக்கம் அவருக்கு ஒட்டியது கோயமுத்தூரில் ஒரு மில்லில். இளம் வயதில் அங்கே ஃபிட்டராக இருந்திருக்கிறார். ஐரோப்பாவிலிருந்து புது மெஷின்கள் வந்தபோது அவற்றைப் பூட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரரும் கூடவே வந்திருக்கிறார். எட்டு மாதம் இவர் அவருக்கு உதவியாள். இவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்த வெள்ளைக்காரருக்கும் அரைகுறைதான். சாயங்காலம் ஆனால் கெஸ்ட் ஹவுஸில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ரிக்கார்டு கேட்பார்களாம். பேச்சே கிடையாதாம். ஊருக்குப் போகும்போது அவர் பிளேயரையும் பதினெட்டுத் தட்டுகளையும் இவரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இவராகவே சேர்க்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை பஸ்ஸில் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளுக்குப் போய்விடுவார். எல்லோரும் கேசட்டுக்கு மாறிவிட்ட காலம் அது. குன்னூர் பக்கம் பங்களாக்களைக் காலி செய்கிறவர்கள் ரிக்கார்டுகளை மூட்டையாகக் கட்டித் தூக்கிப்போட்டார்கள். அந்த மூட்டை பிரிபடுகிற இடத்தில் இவர் நிற்பார். அட்டையில் இருப்பதைப் படிக்கத் தெரியாது, கடையில் போட்டுக் கேட்கவும் வழியில்லை. ஆனாலும் தேர்ந்தெடுப்பார். தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார், வியாபாரி துணியைச் சாய்த்துப் பார்க்கிற மாதிரியே. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பளபளவென்று இடைவெளி தெரிந்தால் கீழே வைத்துவிடுவார். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் இடைவெளியே இல்லாமல் ஒரே கறுப்பாக இருந்தால் வாங்கிவிடுவார். ஒரு சைடு முழுக்க ஒரே பாட்டு என்றால் அது தனக்கானது என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஒரு தடவை மட்டும் யாரோ வெளிநாட்டுப் பாதிரியார் இருபத்திரண்டு நிமிஷம் பிரசங்கம் செய்கிற தட்டு வந்துவிட்டது. அதையும் கடைசி வரை கேட்டார்.

பெயர் தெரியாததால் அட்டையை வைத்துத்தான் தட்டுகளை அடையாளம் சொல்வார். ஈர ரோடு, செவப்பு, மூக்குக்கண்ணாடி, ரெண்டு முக்காலி. வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் இருக்கிற வாசற்படியில் நாற்காலியைப் போட்டு, ஒரு காது ரிக்கார்டுக்கும் ஒரு காது தறிக்குமாக உட்கார்ந்திருப்பார். புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே குரல் கொடுத்து, ரெண்டாவது தறியில் குறுக்கு இழையைக் கொண்டு ஓடுகிற நாடா சரியாகப் போகவில்லை, பார் என்பார். போய்ப் பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருப்பார். இத்தனை இரைச்சலில் எப்படிக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தேன். "அவங்க தாளம் போடறதில்லீங்க. அது நம்ம தறி போட்டுக்குது" என்றார்.

முள்ளை ஏன் பாதியில் தூக்கக்கூடாது என்பதற்கும் தறியிலிருந்துதான் காரணம் சொன்னார். ஓடுகிற தறியை நிறுத்தி மறுபடி ஓட்டினால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். வியாபாரி அதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடுவார். ரிக்கார்டைப் பாதியில் நிறுத்தினால் கேட்கிறவனுக்குள் அதே மாதிரி ஒரு கோடு விழுந்துவிடுமாம். அதைக் கழிக்கிற வியாபாரி யார் என்று நான் கேட்டேன். எதையும் விளக்கிச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இவ்வளவு சொன்னதே அதிகம்.

அவருடைய மச்சான், அதாவது அவர் வீட்டு அம்மாவின் அண்ணன், உடுமலைப்பேட்டையிலிருந்து தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தது ஊருக்கே தெரிந்த கதை. வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகையை வைத்துப் புருஷனும் பெண்டாட்டியுமாக நிற்கிறவர்களிடம்தான் கொடுக்க முடியும். இந்த அம்மா வந்து நின்றுவிட்டார். இவர் நாற்காலியில் இருந்தபடி கையைக் காட்டி, சைடு முடியட்டும் என்றார். அன்றைக்கு ஓடியது மூக்குக்கண்ணாடி. அதில் நடுநடுவே யாரும் எதுவும் வாசிக்காமல் சும்மா இருப்பார்கள். ஒவ்வொரு தடவை சத்தம் நிற்கும்போதும் முடிந்துவிட்டது என்று நினைத்து மச்சான் தட்டை நீட்டினார். மூன்று தடவை நீட்டினார். நாலாவது தடவை உண்மையிலேயே முடிந்தபோது அவர் நீட்டவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த அம்மாவுக்குத் தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். தனக்குக் காது நன்றாகக் கேட்டிருந்தால் குடும்பம் எப்போதோ பிரிந்திருக்கும் என்று என் மனைவியிடம் சொல்வார். சிரிக்காமல்தான் சொல்வார்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு என் காதைப் பற்றிப் பெருமை அதிகம். ரோட்டில் சைக்கிளில் போகும்போதே எந்தக் குடோனில் எத்தனை தறி ஓடுகிறது, அதில் எது நோயாளி என்று சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன். ஆகவே கூலி உயர்வு கேட்டுச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிகளை நிறுத்தியபோது, எங்கள் ஊர்க் கமிட்டியில் ஐந்து பேரில் ஒருவனாக என்னையும் போட்டார்கள். வேலை சுலபம். யாராவது திருட்டுத்தனமாக ஓட்டுகிறார்களா என்று காதால் பார்க்க வேண்டும். ஓட்டினால் தண்டனை என்ன என்பதும் தீர்மானமாகியிருந்தது. பாவை அறுத்துவிடுவது. பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏற்றியிருக்கிற ஆயிரக்கணக்கான இழைகள். அது வியாபாரியின் சொத்து. அறுந்த பாவோடு போய் நிற்கிறவனுக்கு அடுத்த பாவு கிடைக்காது. அதோடு, ஊர் பட்டினி கிடக்கும்போது தறி ஓட்டினவன் என்ற பெயர் அவன் பிள்ளைகள் காலம் வரைக்கும் இருக்கும்.

தறிகள் நின்ற முதல் இரண்டு வாரம் அவர் ரிக்கார்டு போடவில்லை. தறி இல்லாமல் அது தனியாக நிற்கிறது, ஆளில்லாத ஊடு மாதிரி இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் சொன்னாராம். மூன்றாவது வாரம் இருக்கப் பொறுக்காமல் ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறார். ரெண்டு முக்காலி. அட்டையில் ஆள் யாரும் இல்லாத இரண்டு முக்காலிகள். உள்ளே இரண்டு பேர் டிரம் அடிப்பார்கள். வேறு எதுவும் கிடையாது. தறி இல்லாத குறைக்கு அது சரியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

நான் அப்போது வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். சோளத்தட்டை அறுத்து முடித்துக் காடு வெறும் காடாகக் கிடந்தது. காற்று அங்கிருந்து இங்கே அடித்தது. கேட்டவுடனே எண்ணிவிட்டேன். நாலு தறி. அதில் மூன்றாவது தறியில் நாடாவைத் தள்ளுகிற கட்டை தளர்ந்திருக்கிறது. எனக்கு இரண்டு கோபம் ஒன்றாக வந்தது. கட்டுப்பாட்டை மீறி ஓட்டுகிறாரே என்பது ஒன்று. ஓட்டுகிறவர் மூன்றாவது தறியைச் சரிசெய்துவிட்டாவது ஓட்டக்கூடாதா என்பது இன்னொன்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது தறி விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன்.

ஐந்து பேரும் போனோம். தலைவரின் மச்சினன் நூல் அறுக்கிற கத்தியை மடியில் வைத்திருந்தான். அந்த அம்மா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே சத்தம் பலமாக இருந்தது. தலைவர் உரக்க, "ஏனுங் அம்மணி, தறி ஓடுதுங்களா?" என்றார். இல்லை, ரிக்கார்டுதான் ஓடுகிறது என்று அந்த அம்மா சொன்னார். நாங்கள் உள்ளே போனோம். அவர் வழக்கமான வாசற்படியில் வழக்கமான நாற்காலியில் இருந்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. தறிகள் நாலும் நின்றிருந்தன.

அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. ஆனால் தலைவருக்கு வேறு மாதிரிப் புரிந்தது. தறி ஓட்டுகிற சத்தம் வெளியே தெரியாமல் இருக்கத்தான் இந்த ரிக்கார்டு, நம்மைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டார் என்றார். மச்சினன் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கிறது என்றான். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் எங்கள் வீட்டு ஆட்டுக்கல்கூடச் சூடாகத்தான் இருந்தது. பிறகு பாவைப் பார்த்தார்கள். மூன்று வாரம் நின்ற தறியில் விரல் கனத்துக்குத் தூசி இருக்க வேண்டும். இவர் பாவில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ரிக்கார்டைத் துடைக்கிற கையோடு தினமும் காலையில் தறியையும் துடைத்திருக்கிறார். தலைவர் ரிக்கார்டை நிறுத்தச் சொன்னார். பேச வேண்டும் என்றார்.

"சைடு முடியட்டுங்க" என்றார் அவர். இன்னும் ஒன்பது நிமிஷம்.

ஒன்பது நிமிஷம் நாங்கள் ஐந்து பேரும் நின்றோம். அந்த ஒன்பது நிமிஷத்தில் அவர் பக்கம் பேச இருந்த இரண்டு பேரும் மனம் மாறிவிட்டார்கள். குற்றமில்லாதவன் உடனே நிறுத்தியிருப்பான் என்று ஒருவர் என் காதில் சொன்னார். முடிந்ததும் அவர் முள்ளை எடுத்து வைத்துவிட்டுத் தறி ஓடவில்லை என்று மட்டும் சொன்னார். தூசி இல்லாததற்குக் காரணம் சொல்லியிருக்கலாம். மோட்டாருக்குக் காரணம் சொல்லியிருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது என்பது போல நின்றார்.

தலைவர் நியாயமான மனுஷர். ஒரு வழி சொன்னார். சத்தத்தைக் கேட்டது நான். ஆகவே நான் திரும்பிப் போய் அதே தண்ணீர்த் தொட்டியருகே நிற்க வேண்டும். இவர் அதே ரிக்கார்டை மறுபடி போடுவார். முன்பு கேட்டது இதே சத்தம்தான் என்றால் நான் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். சைடு முடிகிற வரைக்கும் தூக்கவில்லை என்றால் நான் கேட்டது தறிதான் என்று அர்த்தம். அப்புறம் பாவை அறுப்பதுதான். இதையெல்லாம் 'அறுத்துப்போடறோமுங்க' என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். நேரம் மிச்சமாகட்டும், பாதியிலிருந்து போடுங்கள் என்றான் மச்சினன். அவர் முதலிலிருந்துதான் போட்டார்.

நான் காட்டைத் தாண்டி வந்து நின்றேன். அவர்கள் அங்கே குடோனின் பின்கதவில் விரல் அளவுக்குத் தெரிந்தார்கள். சத்தம் வந்தது. முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. நாலு தறி. மூன்றாவது தறியில் கட்டை தளர்வு. அதேதான்.

துண்டு தோளில் இருந்தது. கையில் எடுத்தேன். தூக்கினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் யோசித்தேன். சைக்கிளில் போகும்போதே தறி எண்ணுகிறவன், டிரம்முக்கும் தறிக்கும் வித்தியாசம் தெரியாமல் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனான் என்று இருட்டுவதற்குள் கருமத்தம்பட்டி டீக்கடை வரைக்கும் போய்விடும். ரிப்பேர் என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன். கொஞ்சம் போகட்டும், ஏதாவது வித்தியாசம் தெரியும், அதைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நின்றேன். அவர் பாவு அறுபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முடிவதற்குள் தூக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அந்த ரிக்கார்டு எப்போது முடியும் என்பது எனக்குத் தெரியாது. சினிமாப் பாட்டு என்றால் முடியப்போவது தெரியும். இது அடித்துக்கொண்டே இருந்து, கரண்ட் போன மாதிரி சட்டென்று நின்றது. நான் துண்டைத் தூக்கியபோது பின்கதவில் யாரும் இல்லை.

ஓடினேன். அறுத்த காட்டில் சோளத்தட்டையின் அடிக்கட்டைகள் காலைக் குத்தின. நான் போய்ச் சேர்ந்தபோது முதல் தறியின் பாவு குறுக்கே முழுக்க அறுபட்டுத் தொங்கியது. மச்சினன் இரண்டாவது தறிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புருவத்துப் பஞ்சு மட்டும் மேலும் கீழும் போனது. நான் மூச்சிரைக்க, அதே சத்தம்தான், ரிக்கார்டுதான் என்றேன்.

"இத அங்கிருந்தே காட்டுறதுக்கென்னுங்க?" என்றார் தலைவர்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐந்து முகம் என்னைப் பார்த்தது. என் வாயில் வந்தது இதுதான்: "கேட்டுக்கிட்டே நின்னுபோட்டனுங்க."

கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று தலைவர் எரிச்சலோடு சொன்னார். பின்வீட்டுக்காரர் மட்டும் அறுந்த பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "முழுசுமா கேட்டீங்க?" என்றார். ஆமாம் என்றேன். நன்றாக இருந்ததா என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கமிட்டி மன்னிப்புக் கேட்டது. மறுநாள் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட உட்கார்ந்தோம். நானும் அவரும் எதிரெதிரே இரண்டு நாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டோம். பக்கத்தில் ரிக்கார்டு ஓடியது. ஸ்டிரைக் முடிந்து தறி ஓடியபோது முடிச்சு விழுந்த துணியை வியாபாரி கழித்தார், ஆனால் விஷயம் தெரிந்ததால் அடுத்த பாவு கொடுப்பதை நிறுத்தவில்லை. அதோடு முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் உக்கடம் போகவில்லை. காலை பத்து மணிக்குப் பிளேயரைப் போர்வையில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கக்கத்தில் ஈர ரோடு. ஒரு தட்டு, இரண்டு சைடு. முடிந்ததும், "கேட்டீங்களா?" என்றார். "கேட்டேனுங்க" என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். வாரா வாரம் தூக்கி வருவது சிரமமாக இருக்கிறது என்று மூன்றாவது மாதம் எங்கிருந்தோ இன்னொரு பழைய பிளேயரை வாங்கி எங்கள் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் பிறகு அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் டிவி பார்த்ததில்லை. என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். அவளுக்கு அதுவரை அவ்வளவு பக்தி கிடையாது.

ஆறு வருஷம் இது நடந்தது. எனக்கு அந்தச் சங்கீதம் பிடித்ததா என்றால் இன்றுவரை இல்லை. ஆனால் பழகிவிட்டது. செவப்பில் எந்த இடத்தில் ஒருவர் இருமுவார், ஈர ரோட்டில் எப்போது சாக்ஸபோன்காரர் களைத்துப்போய் நிறுத்துவார் என்பதெல்லாம் தெரியும். ஒரு நாள் தவறுதலாகச் சைடை மாற்றிப் போட்டுவிட்டார். இது அந்த சைடு இல்லையே என்று நானே சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஒவ்வொரு வாரமும் முள் தட்டில் இறங்கும்போது எனக்கு அறுந்த பாவு ஞாபகம் வரும், வெட்கமாக இருக்கும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். ஆனால் அப்போது ரிக்கார்டு ஓடிக்கொண்டிருக்கும். முடிந்த பிறகு 'கேட்டீங்களா' என்பார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு சரி. அவருக்குக் காய்ச்சல் என்று வராமல் போன வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்துவிட்டிருந்தது. பிரியம் வர வரச் சொல்வது இன்னும் கஷ்டமானது.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு முழங்கால் முடியாமல் போனது. தறிகளை அன்னூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். உடுமலைப்பேட்டையில் மகள் வீடு. தென்னந்தோப்புக்கு நடுவில் தனி வீடு, அங்கே வந்து இருங்கள் என்று மகள் கூப்பிட்டாள். டெம்போ வந்தது. தட்டுப் பெட்டிகளைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்து அவரே கயிறு கட்டினார். அந்த அம்மா டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் அவர் அருகில் போய் நின்றேன். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது.

"அண்ணா, அன்னைக்கு நான் கேட்டுக்கிட்டு நிக்கலீங்க. மொத நிமிசமே தெரிஞ்சுபோச்சு. ஊருக்குள்ள கேவலமாப் போயிருமேன்னு துண்டத் தூக்காம நின்னுபோட்டேன்."

அவர் கயிற்றை இழுத்து முடிச்சை முழுதாகப் போட்டு முடித்தார்.

"தெரியுமுங்க" என்றார். "பின்கதவுல நின்னு உங்களத்தான் பாத்துட்டிருந்தேன். கேக்கறவன் அப்புடி நிக்கமாட்டானுங்க."

எனக்குக் காது அடைத்துவிட்டது. பிறகு எதற்கு வாரா வாரம் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா உள்ளே இருந்து, நான் என்ன சொல்கிறேன் என்று கையைக் காதில் வைத்து விசாரித்தார். அவர் ஜன்னல் பக்கம் குனிந்து, டிரைவருக்கும் கேட்கிற மாதிரி, "அந்தத் துண்டு சமாச்சாரத்தச் சொல்லிப்போட்டாரு" என்றார்.

அந்த அம்மா என்னை எட்டிப் பார்த்தார். "இப்பத்தானுங்களா? நான் மூணாவது வாரமே சொல்லிப்போடுவீங்கன்னு நெனச்சனுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார்.

அவர் மெதுவாகக் காலைத் தூக்கி வைத்து ஏறினார். கதவைச் சாத்திய பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்றதக் கேக்கலாம்னுதானுங்க வந்தேன்" என்றார்.

டெம்போ கிளம்பிவிட்டது. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.